மறுமுனையில் செவலை

விடிகாலை நாலு மணிக்கு அஞ்சலாட்சி போன் செய்தாள்.
"ராத்திரி பூரா கத்துது மேடம்.
நான் சொன்னா உங்களுக்குப் புரியாது, நீங்களே கேளுங்க"
என்று போனை மாட்டிடம் கொடுத்துவிட்டாள்.

முதலில் ஒரு நீள மூச்சு.
கழுத்துச் சங்கிலி கல்லில் உரசியது.
பிறகு வெள்ளக்கரைச் செம்மண்ணிலிருந்து கிளம்பி
முந்திரித் தோப்பு தாண்டி, கெடிலம் தாண்டி
மஞ்சக்குப்பத்தில் என் சமையலறை வரை வந்தது
அந்த ஒற்றைச் சொல்.

நான் "ம்" என்றேன்.
பழக்கதோஷம். போனில் யார் பேசினாலும் ம் கொட்டுவேன்.
அது நின்றது.
நான் இருக்கிறேன் என்று தெரிந்துகொண்டதுபோல்
மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

பதினாறு வருஷ சர்வீஸ்.
பதிவேட்டில் அறிகுறி என்ற கட்டத்தில் இதுவரை எழுதியதெல்லாம்
கத்துகிறது, அசைபோடவில்லை, நிலைகொள்ளவில்லை,
தீனி எடுக்கவில்லை.
ஆட்டுக்கும் அதுதான், எருமைக்கும் அதுதான்.
ஒரு தடவை வழிதவறி வந்த மயிலுக்கும்.

"காளைக்குக் கத்துது அஞ்சலாட்சி.
எட்டு மணிக்கு வந்து ஊசி போட்டுடறேன்."
சொல்லிவிட்டுப் பால் காய்ச்சப் போனேன்.
அரை நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு மொழியைப் பெயர்த்து முடிக்க.

ஸ்கூட்டியில் காலிடுக்கில் நைட்ரஜன் குடுவை.
கேப்பர் மலை ஏற்றத்தில் பலாப்பழ லாரி வழிவிடவில்லை.
கொட்டகையில் செவலை என்னைப் பார்க்கவில்லை;
தெருவைப் பார்த்து நின்றது.
வாலைத் தூக்கிப் பார்த்தேன். வழும்பு இல்லை, வீக்கம் இல்லை.
மடி மட்டும் கல்.

"பாலை இறக்க மாட்டேங்குது மேடம்."
"கன்னு எங்க?"
அஞ்சலாட்சி முந்தானையில் கையைத் துடைத்தாள்,
ஏற்கெனவே காய்ந்திருந்த கையை.
"காளைக் கன்னு. வச்சு என்ன பண்றது?
நேத்து சாயங்காலம் வண்டி வந்துச்சு."

ஆக, நான் சொன்னது சரிதான்.
காளைக்குத்தான் கத்துகிறது.
ஒன்றரை மாசக் காளை,
நெற்றியில் சுட்டி இருந்ததாம்.

அவள் போய் அதன் காதடியில் நின்று
நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இழுத்தாள்.
ட்சொ என்று எழுதலாம். ஆனால் அது ட்சொ இல்லை.
இருநூற்று நாற்பத்தேழையும் வரிசையாக ஓட்டிப் பார்த்தேன்,
ஆய்தத்தையும் விடாமல்.
ஒன்றிலும் அந்தச் சத்தம் உட்காரவில்லை.
நமக்குள் நாம் அதைப் பேசுவதில்லை.
மாடும் மாடும் பேசிக்கொள்வதில்லை.
எந்தக் காலத்திலோ யாரோ பாதி வழி நடந்து வந்து
வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
எதிர்ப்பக்கம் பாதி வழி நடந்து வந்தது எதுவென்று
அகராதிக்காரர்கள் கவலைப்படவில்லை.

செவலை ஒரு காதைத் திருப்பியது.
ஒரு காதுதான்.
இன்னொன்று தெருவிலேயே இருந்தது.

வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னேன்.
கொஞ்சம் கொஞ்சமாகக் கறக்கச் சொன்னேன்.
ரெண்டு மூணு நாளில் மறந்துடும் என்றும் சொன்னேன்,
யாருக்குச் சொன்னேன் என்று தெரியவில்லை;
இருவருமே பதில் பேசவில்லை.

திரும்பி வந்து பதிவேட்டைத் திறந்தேன்.
கத்துகிறது என்று எழுதி, அடித்து,
மேலே எழுதினேன்: கேட்கிறது.

கேள்வியா, செவியா என்று நானே முடிவு செய்யவில்லை.
தமிழ் இரண்டுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து
என்னைக் காப்பாற்றியது.

மாத ஆய்வில் டாக்டர் அதைச் சிவப்பு மையால் வட்டமிட்டு
ஓரத்தில் குறித்திருக்கிறார்:
தெளிவாக எழுதவும்.

இன்றைக்கும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிட்டது.
போன் அடிக்கவில்லை.
இருட்டில் ஒருதரம்
"ம்" என்றேன்.